அரச கோவைகளில் உத்தியோகத்தரின் தனிப்பட்ட விவரங்களைக் காக்கும் முறை

கிராம உத்தியோகத்தர் ஒருவர் ஆற்று மணல் அகழ்வுக்கு எதிராக அறிக்கை எழுதுகிறார். காணி உத்தியோகத்தர் ஒருவர் அரச காணியில் போடப்பட்ட வேலியை அகற்ற வேண்டும் என்று பரிந்துரைக்கிறார். பாடசாலை அதிபர் ஒருவர் கட்டட வேலையில் குறை கண்டு கையெழுத்திட மறுக்கிறார். இவர்கள் எழுதியவை யாவும் பொதுமக்களுக்கு உரியவை. யார் எழுதினார், எந்தப் பதவியிலிருந்து எழுதினார், எப்போது எழுதினார் என்பதைக் கேட்டறியும் உரிமை வாகரையிலிருந்து பொத்துவில் வரை வாழும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. ஆனால் அதே கோவையில் அந்த உத்தியோகத்தரின் வீட்டு முகவரியும், துணைவரின் வேலையிடமும், பிள்ளைகள் படிக்கும் பாடசாலையின் பெயரும் இருந்து, அவையும் சேர்ந்து வெளியே போய்விட்டால், அடுத்த அறிக்கையை அவர் அச்சமின்றி எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

நமது அலுவலகங்களில் இரண்டு விதமான பிழைகளும் நடக்கின்றன. ஒருபுறம், இடமாற்றப் பட்டியல் ஒன்று அடையாள அட்டை இலக்கத்துடனும் கைத்தொலைபேசி இலக்கத்துடனும் அப்படியே வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. மறுபுறம், ஒரு வீதி வேலைக்கு யார் அனுமதி கொடுத்தார் என்று கேட்டவருக்கு, "அது உத்தியோகத்தரின் தனிப்பட்ட விடயம்" என்று எழுதிக் கடிதம் திருப்பி அனுப்பப்படுகிறது. இரண்டாவது பிழையை நான் முதலாவதைவிடச் சிறியதாகக் கருதவில்லை. அரசின் பெயரால் செய்யப்பட்ட செயல் திறந்தே இருக்க வேண்டும்; செய்தவரின் வீட்டுக்குப் போகும் வழி மூடப்பட வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பிரதேச செயலகங்கள், பிரதேச சபைகள், வலயக் கல்வி அலுவலகங்கள் ஆகியவற்றில் தகவல் அலுவலராகவோ கோவைகளுக்குப் பொறுப்பான முகாமைத்துவ உதவியாளராகவோ இருப்பவர்கள் இந்தப் பிரிப்பை எவ்வாறு செய்யலாம் என்பதையே இங்கு விளக்குகிறேன்.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது

2015இல் நிறைவேறிய 19ஆம் திருத்தம் தகவல் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. அதைத் தொடர்ந்து வந்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 5(1)(அ) பிரிவு, பொது நடவடிக்கையுடனோ பொது நலனுடனோ தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலையும், வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் நியாயமின்றித் தலையிடுவதாக அமையும் தகவலையும் மறுக்க இடமளிக்கிறது. எனினும் அதே பிரிவு, பெரிய பொது நலன் இருந்தால் அல்லது உரியவர் எழுத்தில் சம்மதித்தால் கொடுக்கலாம் என்கிறது. 5(4) பிரிவு இன்னும் தெளிவானது: வெளியிடுவதால் வரும் பொது நலன் தீங்கைவிட மேலோங்கினால் மறுக்கவே கூடாது. 6ஆம் பிரிவோ, ஒரு பகுதி மறுக்கத்தக்கது என்பதற்காக முழு ஆவணத்தையும் மறுக்க முடியாது, பிரித்தெடுக்கக்கூடிய மிகுதியைக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆவணத்தின் ஒரு பகுதியை மறைத்து மீதியைக் கொடுக்கும் வேலைக்குச் சட்ட அடித்தளம் இந்த 6ஆம் பிரிவுதான். அதை மேசையில் அச்சிட்டு வைத்திருப்பது நல்லது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும், தேவைக்கு மேல் திரட்டக் கூடாது, தேவை முடிந்த பின் வைத்திருக்கக் கூடாது என்ற கொள்கைகளை அது வகுக்கிறது. இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம் போன்றவற்றை விசேட கவனத்துக்குரிய தரவுகளாக அது தனியே நிறுத்துகிறது.

எதைத் திறப்பது, எதை மூடுவது

உத்தியோகத்தரின் பெயர், பதவி, தரம், அலுவலக முகவரி, அலுவலகத் தொலைபேசி, அவர் எடுத்த முடிவு, இட்ட திகதி ஆகியவற்றில் மறைக்க எதுவுமில்லை. சம்பளத்தை இரகசியம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது தவறு. அரச சேவையின் சம்பள அளவுத்திட்டங்கள் பொது நிர்வாகச் சுற்றறிக்கைகளில் எல்லோருக்கும் தெரியும்படி உள்ளன. நிறைவேற்றுத் தர அலுவலர்களின் பெயர், தொடர்பு விவரம், வேதனம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்பதும் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளில் அடங்கும்.

ஆனால் சம்பளத் தொகை வேறு, சம்பளப் பட்டியல் வேறு. பட்டியலின் கழிவு நிரல்களைக் கவனமாக வாசித்துப் பாருங்கள். இடர்க்கடன் கழிவு ஒருவரின் வீட்டு நெருக்கடியைச் சொல்லும். நீதிமன்றக் கட்டளைப்படி கழிக்கப்படும் பராமரிப்புப் பணம் ஒரு குடும்பத்தின் பிரிவைச் சொல்லும். தொழிற்சங்கச் சந்தா, பல சங்கங்கள் கட்சிகளைச் சார்ந்திருக்கும் நம் நாட்டில், அரசியல் சாய்வைச் சொல்லிவிடும். விழா முற்பணம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பதிலிருந்து மதமே தெரிந்துவிடும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்து ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் கல்முனை, சம்மாந்துறை, ஏறாவூர், செங்கலடி போன்ற இடங்களில் இந்தத் தகவல்கள் ஒரு பதற்றமான வாரத்தில் எப்படிப் பயன்படுத்தப்படும் என்பதை இங்கு வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனவே சம்பளம் பற்றிய கேள்விக்கு அடிப்படைச் சம்பளத்தையும் படிகளையும் தனியே எடுத்துத் தட்டச்சுச் செய்து கொடுங்கள். பட்டியலின் பிரதியை எடுத்து நீட்டாதீர்கள்.

லீவுப் பதிவேட்டிலும் இதே முறைதான். எத்தனை நாள் கடமைக்கு வரவில்லை என்பது பொதுமக்களின் கேள்வி. என்ன நோய் என்பது அவர்களின் கேள்வி அல்ல. கல்வித் தகைமையில், பதவிக்கு வேண்டிய தகைமை அவரிடம் இருக்கிறதா, எந்த ஆண்டில் எந்த நிறுவனத்தில் பெற்றார் என்பவற்றைத் திறக்க வேண்டும், ஏனெனில் போலிச் சான்றிதழைக் கண்டுபிடிக்க வேறு வழி பொதுமக்களுக்கு இல்லை. சான்றிதழில் உள்ள பிறந்த திகதியை மட்டும் மறைக்கலாம். ஒழுக்காற்று விடயத்தில் எனது நிலைப்பாடு இது: விசாரணை முடிந்து இறுதிக் கட்டளை பிறந்தபின் குற்றச்சாட்டும் தண்டனையும் வெளியே வரலாம், முறைப்பாடு செய்தவரின் பெயரும் சாட்சிகளின் பெயர்களும், குறிப்பாகப் பெண் ஊழியர் ஒருவர் செய்த முறைப்பாடாக இருந்தால், மூடியே இருக்க வேண்டும்.

சொத்து, பொறுப்பு வெளிப்படுத்தல்கள் தனி வகை. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அவை இலஞ்சம் அல்லது ஊழல் பற்றிய சார்த்துதல்களைப் புலனாய்வு செய்வதற்கான ஆணைக்குழுவிடம் சேர்கின்றன. சில விவரங்கள் நீக்கப்பட்ட பிரதியைப் பொதுமக்கள் பார்ப்பதற்கும் அச்சட்டம் வழி செய்கிறது. உங்கள் அலுவலகத்தில் பழைய வெளிப்படுத்தல்களின் பிரதிகள் தங்கியிருந்தால், அவை சாதாரண தனிப்பட்ட கோவைக்குள் கிடக்க வேண்டியவை அல்ல. முத்திரையிட்ட உறையில், நிறுவனத் தலைவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். அதேவேளை, வெளிப்படுத்தலின் உள்ளடக்கமும் "கொடுத்தாரா, இல்லையா" என்ற தகவலும் ஒன்றல்ல. நாடாளுமன்ற உறுப்பினர்களில் எவரெவர் கையளித்தனர் என்ற பெயர்ப் பட்டியலை வெளியிடுமாறு தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு இட்ட கட்டளையை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. கடமையைச் செய்தாரா என்ற கேள்வி எப்போதும் பொதுக் கேள்வியே.

கோடு நகரும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஓர் உத்தியோகத்தரின் சகோதரியின் பெயர் சாதாரணமாக எவருக்கும் தேவையற்றது. ஆனால் அந்த உத்தியோகத்தர் பரிந்துரைத்த காணி அனுமதிப்பத்திரம் அந்தச் சகோதரிக்கே போயிருக்கிறது என்றால், உறவுமுறை பொது நலன் சார்ந்த தகவலாக மாறிவிடுகிறது. அப்போதும் உறவையும் காணித் துண்டையும் திறந்து, சகோதரியின் அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசியையும் மூடலாம். ஒவ்வொரு மறைப்புக்கும் முன்னர், "இந்த வரியை மறைத்தால் அவரது வீடு பாதுகாக்கப்படுகிறதா, அல்லது அவர் செய்த பிழை பாதுகாக்கப்படுகிறதா" என்று கேட்டுப் பாருங்கள்.

அடையாள அட்டை இலக்கம்

பல அலுவலகங்கள் பிறந்த திகதி நிரலை மறைத்துவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை விட்டுவிடுகின்றன. இதனால் எந்தப் பயனும் இல்லை. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கின்றன. பெண்ணாக இருந்தால் அந்த நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே ஆண்டுக்குப் பிறகு 745 என்று வந்தால், அவர் பெண் என்பதும் செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் பிறந்தவர் என்பதும் எவருக்கும் தெரிந்துவிடும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையிலும் இதே முறை இருக்கிறது. பிறந்த ஆண்டுக்கு நான்கு எண்கள் என்பதே இதில் வேறுபாடு. வங்கி, தொலைபேசி நிறுவனம், வைத்தியசாலை என எல்லா இடத்திலும் இந்த இலக்கத்தைச் சொல்லியே நாம் நம்மை யாரென்று நிறுவுகிறோம் என்பதால், அது வேறொருவர் கையில் போவது சிறிய விடயமல்ல.

பட்டியல்களில் ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்தறிய இலக்கம் தேவை என்று சொல்லப்படுகிறது. நியாயமான தேவைதான். அதற்குக் கடைசி நான்கு எண்களை மட்டும் இடலாம். அல்லது பெயருடன் தற்போதைய சேவை நிலையத்தை எழுதினாலே போதும்.

மறைக்கும் வேலை

மூலப் பிரதியில் ஒரு புள்ளிகூட இடாதீர்கள். பொறுப்பிலுள்ள தகவலை வேண்டுமென்று அழிப்பதும் மாற்றுவதும் மறைப்பதும் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின் கீழ் குற்றம். 50,000 ரூபா வரை தண்டப்பணமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. முதலில் நிழற்பிரதி எடுங்கள். அந்தப் பிரதியில் கறுப்பு மார்க்கரால் மறையுங்கள். பின்னர் அந்த மறைத்த பிரதியை மீண்டும் நிழற்பிரதி எடுத்து, அந்த இரண்டாவது பிரதியையே கொடுங்கள். முதல் பிரதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மைக்குக் கீழே எழுத்து தெரியும், இரண்டாவதில் தெரியாது. தாளின் பின்பக்கத்தையும் ஓரக் குறிப்புகளையும் மறக்காமல் பாருங்கள். வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைப் பென்சிலால் கோவையின் ஓரத்தில் எழுதி வைக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு.

கணினியில் தவறுவது இன்னும் இலகு. வேர்ட் ஆவணத்தில் எழுத்தின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்து பிடிஎப் ஆக மாற்றினால், பெட்டிக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும்; சுட்டியால் தெரிவு செய்து வேறிடத்தில் ஒட்டினால் முழுவதும் வெளிவரும். எக்செல்லில் நிரலை மறைத்து வைப்பது மறைப்பே அல்ல. இரண்டு சொடுக்கில் திறந்துவிடும். வேண்டிய நிரல்களின் பெறுமானங்களை மட்டும் புதிய கோப்பொன்றில் ஒட்டி, அந்தப் புதிய கோப்பை அனுப்புங்கள். பிடிஎப் ஆவணத்துக்கு நிரந்தரமாக நீக்கும் கருவி உங்களிடம் இல்லாவிட்டால், அச்சிட்டு, மறைத்து, நிழற்பிரதி எடுத்து, அதை ஸ்கான் செய்வதே மிகவும் நம்பகமான வழி. கோப்பின் பண்புகளில் தட்டச்சுச் செய்தவரின் பெயர் பதிந்திருக்கும் என்பதையும், கைத்தொலைபேசியால் எடுத்த படத்தில் எடுத்த இடம் பதிந்திருக்கக்கூடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

நம் மாகாணத்துக்கே உரிய சிக்கல் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது அலுவலகங்களில் ஏராளமான தமிழ் ஆவணங்கள் இன்னும் யூனிகோட் முறையில் அமையாத பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. ஒரு பெயரை யூனிகோடில் தட்டச்சுச் செய்து தேடினால் பாமினியில் உள்ள அதே பெயர் அகப்படாது. "தேடினேன், இல்லை" என்று நம்பி ஆவணத்தை வெளியிட்டுவிடுவீர்கள். எனவே இரண்டு முறையிலும் தேட வேண்டும். அதற்குப் பிறகும் கண்ணால் ஒருமுறை வரிக்கு வரி வாசிக்க வேண்டும். இதைப் போன்றதே மும்மொழிப் படிவங்களின் சிக்கலும். தமிழ் நிரலில் முகவரியை மறைத்தவர் சிங்கள நிரலிலும் ஆங்கில நிரலிலும் அதை விட்டுவிடுகிறார், ஏனெனில் அந்த மொழியை அவர் விரைந்து வாசிப்பதில்லை. அம்பாறை மாவட்டச் செயலகத்துடன் நடக்கும் கடிதத் தொடர்பில் சிங்கள இணைப்புகள் அடிக்கடி வரும் என்பதால், அங்குள்ள தமிழ் பேசும் பிரதேச செயலகங்கள் மறைத்த ஆவணத்தை மற்ற மொழி தெரிந்த சக ஊழியர் ஒருவருக்குக் காட்டிய பின்னரே வெளியே அனுப்ப வேண்டும்.

கையொப்பம் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். விண்ணப்பித்தவருக்குக் கொடுக்கும் பிரதியில் உத்தியோகத்தரின் கையொப்பம் இருக்கட்டும், ஏனெனில் அதுவே ஆதாரம். இணையத்தளத்திலோ முகநூல் பக்கத்திலோ ஏற்றும் பிரதியில் பெயரையும் பதவியையும் விட்டு, கையொப்பத்தையும் இறப்பர் முத்திரையையும் எடுத்துவிடுங்கள். போலி ஆவணம் செய்பவருக்குத் தெளிவான படமொன்றை நாமே கொடுக்க வேண்டியதில்லை.

சிறிய ஊரில் பெயரை மறைப்பது போதாது

கொழும்பில் "அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர்" என்றால் யாரென்று தெரியாது. வெல்லாவெளியிலோ நாவிதன்வெளியிலோ ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரைச் சொன்னாலே ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே இடமாற்ற மேன்முறையீட்டுப் பட்டியல் ஒன்றை வெளியிடும்போது, பெயரை மறைத்துவிட்டு "காரணம்: கணவரின் சிறுநீரக நோய்" என்ற நிரலை விடுவது பாதுகாப்பே அல்ல. அத்தகைய பட்டியலில் பெயரையும் புதிய சேவை நிலையத்தையும் திறந்து, காரணத்தை "மருத்துவம்", "குடும்பம்", "சேவைத் தேவை" என்ற பொது வகைகளாக மாற்றுங்கள். இடமாற்றம் நீதியாக நடந்ததா என்று பார்க்க இது போதும். ஒரு குடும்பத்தின் நோய் ஊர்ப் பேச்சாவதும் தடுக்கப்படும்.

கேள்வி கேட்டவருக்கும் இதே கவனம் உரியது. தகவல் கோருபவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் சொல்கிறது. அவரது விண்ணப்பப் படிவத்தை, அவர் யாரைப் பற்றிக் கேட்டாரோ அந்த உத்தியோகத்தரின் மேசையில் அப்படியே வைப்பது மிகத் தவறான வழக்கம். கேள்வியை மட்டும் தனித் தாளில் எழுதிப் பகுதிக்கு அனுப்புங்கள்.

விண்ணப்பம் வந்த பின்

விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவு எடுக்கப்பட வேண்டும். மூன்றாம் தரப்பு ஒருவர் அந்தரங்கமானது எனக் கருதி வழங்கிய தகவலாக இருந்தால், 29ஆம் பிரிவின்படி ஒரு வாரத்துக்குள் அவருக்கு அறிவித்து, அவர் தன் கருத்தைச் சொல்ல ஏழு நாள் கொடுக்க வேண்டும். எனவே விண்ணப்பத்தைப் பத்து நாள் தட்டில் வைத்திருந்துவிட்டு இந்த வேலையைத் தொடங்க முடியாது. உத்தியோகத்தரிடம் கேட்பது அவரது அனுமதியின்றி எதையும் கொடுக்க மாட்டோம் என்ற உறுதிமொழி அல்ல. அவர் செய்த அரச கடமை பற்றிய தகவலுக்கு அவரது சம்மதம் தேவையில்லை.

மறைத்த ஒவ்வொரு இடத்துக்கும் அருகில், எந்தப் பிரிவின் கீழ் மறைக்கப்பட்டது என்று சிறிதாக எழுதுங்கள். கடிதத்தில் காரணத்தையும், குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்பதையும், அதிலும் திருப்தியில்லாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடம் போகலாம் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். மறைத்த பிரதியொன்றை அலுவலகத்தில் வைத்திருங்கள்; மேன்முறையீட்டில் எதை, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கப்படும்போது அதுவே உங்கள் விடை.

பழைய தாள்களும் வெளியேறிய தகவலும்

வடகீழ்ப் பருவ மழையில் நனைந்த கோவைகளும் காலாவதியான படிவங்களும் கழிவுத்தாளாக விற்கப்பட்டால், ஒருவரின் பிறப்புச் சான்றிதழ் கச்சான் சரையாகக் கடையில் தொங்கும். அழிக்க அனுமதி பெற்ற தாள்களைத் துண்டாக்கியோ எரித்தோ அழித்து, அழித்ததைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

எல்லாக் கவனத்துக்கும் பிறகு ஒரு பட்டியல் வெளியே போய்விட்டால், முதலில் உரிய உத்தியோகத்தருக்கு அன்றே சொல்லுங்கள். அவர் வேறு யாரிடமிருந்தோ அறிந்துகொள்ளும்படி விடுவது இரண்டாவது தீங்கு. பதிவேற்றிய இடத்திலிருந்து உடனே நீக்கி, குழுவில் பகிர்ந்திருந்தால் குழுவின் பொறுப்பாளரிடம் நீக்கச் சொல்லி, திருத்திய பிரதியை அதே இடத்தில் வெளியிடுங்கள், ஏனெனில் பட்டியல் இல்லாமல் போனால் மக்கள் பழையதையே தேடிப் பரப்புவார்கள். அச்சுறுத்தல் வந்தால் பொலிஸ் முறைப்பாட்டை உத்தியோகத்தரின் தலையில் போடாமல் நிறுவனத் தலைவரே செய்ய வேண்டும். முறைப்பாட்டில் அவரது வீட்டு முகவரிக்குப் பதிலாக அலுவலக முகவரியை ஏற்குமாறு கேளுங்கள்.

உத்தியோகத்தர்களும் தம் பங்குக்கு, கடமைக்கெனத் தனி சிம் ஒன்றை வைத்து, அறிவிப்புப் பலகையில் அந்த இலக்கத்தையே எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தமது தனிப்பட்ட கோவையைக் கேட்டு வாங்கிப் பார்த்து, தேவையற்றுத் தங்கியிருக்கும் மருத்துவ அறிக்கை, வங்கிப் புத்தகப் பிரதி, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றை நீக்குமாறு எழுத்தில் கோர வேண்டும். அந்தக் கோரிக்கையின் பிரதியில் திகதி முத்திரை பெற்று வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.